நீ பேசாதே, நோட்டு பேசட்டும்: வடசென்னை சமையல் மாணவர்களின் எழுத்துப் பயிற்சி, ஒரு நிகழ்வு ஆய்வு

பெஷமெல் என்கிற வெள்ளை சாஸுக்கு மைதா 100 கிராம், வெண்ணெய் 100 கிராம், பால் 100 மில்லி. ஒரு வகுப்பு முழுக்க ரெக்கார்டு நோட்டில் இப்படித்தான் இருந்தது. பால் ஒரு லிட்டர் இருக்க வேண்டும். 100 மில்லியில் கிளறினால் சாஸ் வராது, உருண்டை பிடிக்கிற மாவுதான் வரும். யாரோ ஒருவர் லிட்டரை மில்லியாக்கி எழுத, மற்றவர்கள் அதைப் பார்த்து எழுத, ஒவ்வொரு பக்கத்தின் கீழும் சிவப்பு மையில் கையெழுத்தும் விழுந்திருந்தது. வேடிக்கை என்னவென்றால், அதே மாணவர்கள் அதற்கு முந்தின வாரம்தான் அந்த சாஸை அடுப்பில் கட்டி தட்டாமல் செய்து காட்டியிருந்தார்கள். எழுதினவர்களும் படிக்கவில்லை, கையெழுத்துப் போட்டவரும் படிக்கவில்லை.

இந்த ஆய்வு அந்த ரெக்கார்டு நோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு நோட்டை வைத்ததைப் பற்றியது.

இடமும் ஆட்களும்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு சிறிய கேட்டரிங் பயிற்சி நிலையம் அது. பெயர் இங்கே தேவையில்லை. ஒரு வருடப் படிப்பு. பிள்ளைகள் ராயபுரம், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர், எண்ணூரிலிருந்து வருகிறவர்கள். பெரும்பாலும் தமிழ் மீடியம், பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்தவர்கள். சிலருக்கு மாலையில் பிரியாணிக் கடையில் வேலை, சிலர் முகூர்த்த நாட்களில் சமையல் கான்ட்ராக்டரோடு மண்டபத்துக்குப் போய்விடுவார்கள். வெங்காயம் நறுக்குவதில் எனக்கு அவர்கள் வகுப்பு எடுக்கலாம். நான் எடுத்தது கம்யூனிகேஷன் பாடம். டைம்டேபிளில் ப்ராக்டிகலுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவே செருகப்பட்ட பாடம், அதாவது யாருக்கும் பிடிக்காத நேரம்.

சமையற்காரனுக்கு எழுத்து எதற்கு என்று அவர்கள் கேட்டது நியாயமான கேள்விதான். பதில் அவர்கள் போகப்போகிற கிச்சனிலேயே இருக்கிறது. காலையில் ஸ்டோருக்கு இண்டென்ட், அதாவது வேண்டிய பொருள்களின் பட்டியல், எழுத வேண்டும். ஷிப்ட் மாறும்போது என்ன பாதியில் நிற்கிறது என்று எழுதி வைக்க வேண்டும். டப்பாவில் லேபிள் ஒட்ட வேண்டும். ஹோட்டலில் ஸ்டாண்டர்ட் ரெசிபி என்று ஒன்று உண்டு. யார் நின்று செய்தாலும் அதே குழம்பு அதே அளவில் வர வேண்டும் என்பதற்காக எழுதி வைப்பது. கமியாக, அதாவது கிச்சனின் கீழ்ப்படியில், சேர்கிறவன் முதல் வருடம் அதைப் படிக்கிறான், நாலைந்து வருடத்தில் அவனே அதை எழுத வேண்டிய இடத்துக்கு வருகிறான். பலர் அந்த இடத்தில்தான் நின்றுபோகிறார்கள். கை ஓடும், பேனா ஓடாது.

பாடத்திட்டத்தில் எழுத்துக்கென்று இருந்தது ஒரே ஒரு கட்டுரை: எனக்குப் பிடித்த உணவு. அதை வாங்கிப் பார்த்தால் எல்லாமே யூடியூப் குரலில் இருந்தது. “வாங்க ஃப்ரெண்ட்ஸ், இன்னிக்கு நம்ம பாக்கப்போறது வேற லெவல் சிக்கன் கிரேவி.” வாயில் வைத்தால் கரையும், சொர்க்கம் தெரியும், அடிமையாகிவிடுவீர்கள். கோழி எத்தனை கிலோ என்று மட்டும் தெரியாது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைகள் வாழ்க்கையில் பார்த்த ஒரே சமையல் ‘எழுத்து’ அந்தக் குரல்தான். ரெக்கார்டு நோட்டை யாரும் படிப்பதில்லை, கட்டுரையை நான் மட்டும் படிக்கிறேன். நான் படித்து என்ன ஆகப்போகிறது? நான் அதை வைத்து சமைக்கப் போவதில்லையே.

பொது நோட்டு

ஆகவே செய்தது இவ்வளவுதான். கணக்கெழுதுகிற லாங் சைஸ் நோட்டு ஒன்று வாங்கி ப்ராக்டிகல் கிச்சனில் தராசுக்குப் பக்கத்தில் வைத்தோம். இடது பக்கம் ஒருவர் தன் வீட்டில் செய்கிற, தனக்கு நன்றாக வருகிற ஒரு பதார்த்தத்தை எழுத வேண்டும். தமிழில், தன் நடையில். அடுத்த வாரம் இன்னொருவர் அதைப் பார்த்து சமைக்க வேண்டும். எழுதியவர் பக்கத்தில் நிற்கலாம், வாயைத் திறக்கக் கூடாது. கை காட்டக் கூடாது, தலையாட்டக் கூடாது. சமைத்தவர் வலது பக்கத்தில் கேள்விகளை மட்டும் எழுத வேண்டும். அப்புறம் எழுதியவர் திருப்பி எழுத வேண்டும்.

கேள்வி மட்டும் என்ற விதி பிறகு சேர்ந்தது. ஆரம்பத்தில் வலது பக்கம் முழுக்க ‘சூப்பர் மச்சி’, ‘செம’, ஒரு ஹார்ட்டின் படம் என்றுதான் நிறைந்தது. நண்பன் எழுதியதைக் குறை சொல்ல யாருக்கும் மனசு வராது. கேள்வி கேட்பதில் அந்தச் சங்கடம் இல்லை.

நிலையத்தின் செஃப்புக்கு இதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. பெரிய ஹோட்டல்களில் பல வருடம் இருந்து வந்தவர், கறாரான மனிதர். “ஸ்டார் ஹோட்டல்ல தமிழ்லயா மிஸ் ரெசிபி கொடுப்பாங்க?” என்றார். இங்கிலீஷில் வேண்டும்தான், ஆனால் முதலில் சொல்ல என்ன இருக்கிறது என்று தெரியட்டும் என்றேன். பாதி அளவில் சமைத்தால் பொருள் கொடுக்கிறேன் என்று ஒத்துக்கொண்டார். அது பெரிய விஷயம். எழுத்துப் பாடத்துக்கு மீன் வாங்கித் தருகிற நிலையங்கள் அதிகம் இருக்காது.

சங்கரா மீன் குழம்பு

வீட்டில் மீன் வியாபாரம் செய்கிற ஒரு பையன், சங்கரா மீன் குழம்பு எழுதினான். ஒரு பக்கம்கூட வரவில்லை. ‘எலுமிச்சை அளவு புளி, மூணு ஸ்பூன் மிளகாய்த்தூள், கொதி வந்ததும் மீன் போடவும், இறக்கவும்.’ அவனைப் பொறுத்தவரை அதில் எதுவும் விடுபடவில்லை. அம்மா செய்வதைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறான்.

சமைக்க வந்தவன் திருவள்ளூர்ப் பக்கம் சைவ வீட்டுப் பையன். எழுதியிருந்தபடியே செய்தான். ஸ்டோரில் இருந்த பாக்கெட் மிளகாய்த்தூளில் மூன்று ஸ்பூன் போட்டான். எழுதியவன் அங்கேயே தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டான். கொதி வந்ததும் மீனைப் போட்டான், போட்டதும் கரண்டியால் நாலு கிளறு கிளறினான். கடைசியில் சட்டியில் இருந்தது மீன் தூள் போட்ட புளிக் கரைசல். பச்சை வாசனை போகவில்லை, காரம் கண்ணில் நீர் வரவழைத்தது.

வாய்ப்பூட்டு கழன்றதும் சண்டை.

“டேய், தனி மொளகாத்தூளயாடா போடுவ?”

“நீ மொளகாத்தூள்னுதானே எழுதிகீற? உங்க வூட்டுத் தூள்ல இன்னா கீதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

இந்தப் பதிலில்தான் எங்கள் பயிற்சி ஆரம்பித்தது என்று சொல்வேன். அவன் வீட்டுத் தூள் மில்லில் கொடுத்து அரைத்தது: மிளகாயோடு மல்லி, மிளகு, சீரகம், வெந்தயம் எல்லாம் சேர்ந்த குழம்புத்தூள். அதில் மூன்று ஸ்பூன் சரியான அளவு. பாக்கெட்டில் வருகிற தனி மிளகாய்த்தூளில் அது விபரீதம். அந்த வீட்டில் அதை எல்லோரும் மிளகாய்த்தூள் என்றுதான் சொல்வார்கள், அதில் மல்லி இருக்கிறதென்று யாரும் யாருக்கும் சொல்லத் தேவை வந்ததில்லை.

புளியிலும் இதே கதை. எலுமிச்சை அளவு என்று ஆளுக்கொரு உருண்டை உருட்டச் சொல்லித் தராசில் வைத்தோம். ஒருத்தியின் உருண்டை இன்னொருத்தனுடையதைப் போல இரண்டு மடங்கு இருந்தது. சரி, கிராமில் எழுதிவிடலாம் என்றால் அதுவும் முழுப் பதில் இல்லை. பழைய புளி கறுத்து, புதுப்புளியைவிட வேறு மாதிரி புளிக்கும். கொட்டையும் நாரும் இருந்தால் எடையே பொய். எனவே கிராமும் வேண்டும், நாக்கில் வைத்துப் பார்க்க ஓர் அடையாளமும் வேண்டும் என்று அவர்களே முடிவுக்கு வந்தார்கள்.

வலது பக்கத்தில் மூன்று கேள்விகள் விழுந்தன: தூளில் மல்லி எவ்வளவு? மீன் போட்டதும் கிளறலாமா கூடாதா? எப்போது இறக்குவது? எழுதியவன் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேட்டுக்கொண்டு வந்து திருப்பி எழுதியதில் ஒரு பகுதி இது:

‘புளித்தண்ணி ஊற்றி மூடாமல் கொதிக்க விடு. முதலில் நுரை வரும், அது கணக்கில்லை. நுரை அடங்கி, குழம்பு கொஞ்சம் வற்றி, ஓரத்தில் எண்ணெய் சிவப்பாகப் பிரிந்து நிற்கும். அதுவரை பச்சை வாசனை வரும். வாசனை போனதும் தீயைக் குறைத்து மீனை ஒவ்வொன்றாக வை. கரண்டி போடாதே. துணியால் சட்டியின் இரண்டு பக்கமும் பிடித்து ஒரு சுற்று சுற்று. மீன் கண் வெள்ளையானால் இறக்கலாம், சட்டிச் சூட்டிலேயே மீதி வேகும்.’

எந்தப் பாடப்புத்தகத்திலும் வைக்கலாம். ‘அது கணக்கில்லை’ என்ற இடத்தைப் பாருங்கள். எதிரே நிற்பவன் எங்கே ஏமாறுவான் என்று யோசித்து எழுதினது. இரண்டாம் முறை இதை வைத்து இன்னொரு பெண் சமைத்தாள், மீன் உடையவில்லை. பையன் அன்றைக்கு எல்லோருக்கும் பரிமாறினான்.

அத்தோ

வியாசர்பாடி பர்மா காலனியிலிருந்து வந்த பெண்ணின் பாட்டி, ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தவர். 1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, 1964-ல் கடைகளை எல்லாம் அரசு எடுத்துக்கொண்ட பிறகு, பெருந்தொகையாகத் தமிழர்கள் இங்கே திரும்பினார்கள். அவர்களோடு வந்த அத்தோவும் (எண்ணெயும் புளித்தண்ணியும் சேர்த்துக் கலக்குகிற நூடுல்ஸ்) மோஹிங்காவும் (சூப் ஊற்றிய நூடுல்ஸ்) இன்றைக்கும் பீச் ஸ்டேஷன் எதிரே தள்ளுவண்டிகளில் இருக்கின்றன. அவள் எழுதிய முதல் பக்கம் முழுவதும் பெருமைதான். வடசென்னையின் அடையாளம், ஒருமுறை சாப்பிட்டால் விடமாட்டீர்கள், இப்படி. அதை வைத்து யாரும் ஒரு தட்டு அத்தோகூடப் பிசைய முடியாது.

அவளுக்கு மட்டும் ஒரு வேலை கொடுத்தோம். வண்டிக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் நின்று, கடைக்காரர் கை என்ன செய்கிறது என்று மட்டும் எழுத வேண்டும். ருசியைப் பற்றி ஒரு சொல்லும் கூடாது. திரும்பி வந்தபோது நோட்டில் இருந்தது:

‘ஆரஞ்சு நூடுல்ஸ் ஒரு கைப்பிடி. மேலே முட்டைகோஸ் நூல் மாதிரி சீவினது, பச்சை வெங்காயம், வறுத்த வெங்காயம். பூண்டு வறுத்த எண்ணெய் ஒரு கரண்டி. உப்பு, கொரகொரப்பான மிளகாய், பொடி. புளித்தண்ணி. பேஜோவை (மொறுமொறுவென்று பொரித்த தட்டை) ஒரே கையில் நொறுக்கிப் போடுகிறார். பிசைவதில்லை, அடியில் இருப்பதை எடுத்து மேலே விடுகிறார், நாலைந்து தடவை. ஒரு இழை எடுத்து வாயில் போட்டுப் பார்க்கிறார். இன்னும் கொஞ்சம் புளித்தண்ணி. வாழைத்தண்டு சூப் தனிக் கிண்ணத்தில்.’

இதில் ஒரு பெருமையான வார்த்தைகூட இல்லை, எனக்கு வாயில் தண்ணீர் வந்தது. செஃப் வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நூடுல்ஸ் இண்டென்ட் போட்டுக்கொடுத்தார்.

வலது பக்கத்தில் வந்த கேள்வி ஒன்றுதான்: ‘பொடி என்றால் என்ன பொடி?’ இது சின்னக் கேள்வி இல்லை. பர்மியச் சமையலில் வறுத்த கடலை மாவும் உண்டு, காய்ந்த இறாலைப் பொடித்துப் போடுவதும் உண்டு. இறால் ஒத்துக்கொள்ளாதவருக்குத் தொண்டை வீங்கி மூச்சே அடைக்கலாம். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020-ம் ஆண்டு லேபிள் விதிமுறைகளில் ஒவ்வாமை தரக்கூடியவை என்று வரும் பட்டியலில் இறால், நண்டு வகை, மீன், முட்டை, பால், நிலக்கடலை, சோயா, கோதுமை போன்றவை இருக்கின்றன. தியரி வகுப்பில் இதை மனப்பாடம் செய்து பரிட்சையில் மார்க் வாங்கியவர்கள்தான் இவர்கள். அந்தப் பட்டியலுக்கும் தாங்கள் எழுதிய ‘பொடி’க்கும் சம்பந்தம் உண்டு என்று அன்றைக்குத்தான் தோன்றியது. அடுத்த நாள் அவள் கடைக்காரரிடம் கேட்டுவந்து, அவர் போடுவது எந்தப் பொடி என்பதையும் வேறு கடையில் வேறாக இருக்கலாம் என்பதையும் சேர்த்து எழுதினாள்.

‘நேத்து செஞ்சது’

பெரிய கட்டுரையைவிட ஒரு வரி எழுதுவதுதான் கஷ்டம் என்பதற்கு லேபிள் நல்ல உதாரணம். ஃப்ரிட்ஜில் ஒரு டப்பாவில் ‘கிரேவி – நேத்து செஞ்சது’ என்று ஒட்டியிருந்தது. திங்களன்று பார்த்தாலும் நேத்து, வியாழனன்று பார்த்தாலும் நேத்து. எழுதிய மாணவர் மேல் தப்பு சொல்ல மாட்டேன். எழுதும்போது அது உண்மைதான்.

லேபிளுக்கு என்ன வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வெவ்வேறு டப்பாக்களை மேஜையில் வைத்து, இதை இப்போது வாடிக்கையாளருக்குக் கொடுப்பாயா, கொட்டுவாயா என்று மட்டும் கேட்டோம். பதில் சொல்ல முடியாத டப்பா எல்லாம் குப்பைக்குப் போயிற்று. பொருளின் பெயர், செய்த தேதி, நேரம், செய்தவர் பெயர், எப்போதுவரை வைக்கலாம் என்ற ஐந்தையும் அவர்களே கேட்டு வாங்கினார்கள். ஷிப்ட் நோட்டிலும் அப்படியே. ‘சாம்பார் ஆறவெச்சிருக்கேன்’ என்பது போதாது. சூடாக வைப்பது 60 டிகிரிக்கு மேலே, குளிரவைப்பது 5 டிகிரிக்குக் கீழே, நடுவே எவ்வளவு நேரம் நின்றது என்பதுதான் அடுத்த ஷிப்டுக்கு வேண்டிய செய்தி. ‘சாம்பார் 2.40-க்கு அடுப்பிலிருந்து இறக்கினது, ட்ரேயில் ஊற்றி ஐஸ் மேல் வைத்திருக்கிறேன், 4 மணிக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போகணும்’ என்று ஒருவன் எழுதியபோது செஃப் அதைக் கிழித்து நோட்டீஸ் போர்டில் குத்திவைத்தார். பாராட்டுவதில் அவருக்கு அதுதான் உச்சம்.

மீன் இல்லாத காலம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். தமிழ்நாட்டில் 2017-லிருந்து இது 61 நாள், முன்பு 45. காசிமேட்டில் படகுகள் கட்டி நிற்கும், வஞ்சிரம் விலை கேட்டால் திரும்பி நடந்துவிடலாம் போலிருக்கும். ஃபைபர் படகுகளில் கரையோரம் பிடித்து வருவது மட்டும்தான் உள்ளூர் மீன். இந்தச் சமயத்தில் மெனு எழுதும் பயிற்சி வைத்ததை நல்ல முடிவாகவே நினைக்கிறேன். எழுதுவதற்கு நிஜமான நெருக்கடி இருந்தது.

முதல் சுற்றில் எல்லோரும் ‘கடல் புத்தம்புது வஞ்சிரம் வறுவல்’ என்று எழுதினார்கள். ஸ்டோரில் இருந்தது ஐஸில் வந்த மீன். மீன்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மே மாதத்தில் இதைப் படித்தால் எங்க தெருவில் அடிப்பாங்க மிஸ் என்றாள் ஒருத்தி. அப்புறம் கட்லாவை வைத்து, கானாங்கெளுத்தியை வைத்து, கருவாட்டை வைத்து, கையில் இருப்பதை உள்ளபடி சொல்லியும் ஆசை வருகிற மாதிரி எழுதப் பார்த்தார்கள். ‘ஏரிக் கட்லா, மிளகு பூசி தோசைக்கல்லில் வறுத்தது’ என்பது அந்த வாரம் நிலையத்தின் கேன்டீனில் விற்றுத் தீர்ந்தது. பொய் சொல்லாத மெனு எப்போதும் விற்கும் என்றெல்லாம் இதை வைத்துச் சொல்ல வரவில்லை. அன்றைக்குக் கட்லா நன்றாகவும் இருந்தது.

இங்கிலீஷ், மார்க், ஒத்துவராதவர்கள்

தமிழில் இரண்டு முறை திருத்தப்பட்டதை மூன்றாவதாக இங்கிலீஷில் எழுதச் சொன்னோம். செஃப் கேட்டதும் இதைத்தான், வேலைக்கு வேண்டியதும் இதைத்தான். முன்பு இங்கிலீஷ் என்றால் புத்தகத்திலிருந்து நீளநீளமான வாக்கியங்களை எடுத்து ஒட்டுவார்கள். இப்போது வாக்கியம் சின்னதாக வந்தது. ‘கரண்டி போடாதே’ என்று எழுதிப் பழகியவனுக்கு அதை இங்கிலீஷில் சொல்ல மூன்று வார்த்தை போதும். இலக்கணம் தப்பிய இடங்கள் நிறையவே இருந்தன. ஆனால் என்ன சொல்ல வருகிறான் என்று தெரிவதால் திருத்துவது எளிது. சொல்ல வந்ததே தெரியாத வாக்கியத்தைத் திருத்துவதுதான் நரகம், எந்த வாத்தியாரைக் கேட்டாலும் சொல்வார்.

மார்க் போடும்போது முதலில் பார்த்தது, இதை வைத்து இன்னொருவரால் சமைக்க முடிந்ததா என்பது. அடுத்தது, யாருக்காவது உடம்புக்கு ஆகாமல் போகிற மாதிரி ஏதாவது விடுபட்டிருக்கிறதா. எழுத்துப்பிழை கடைசி. கறியைக் கரி என்று எழுதினால் அடித்துத் திருத்துவேன், மற்றபடி ற-கர ர-கரச் சண்டைக்கு நான் போகவில்லை. முதல் பிரதிக்கு மார்க்கே கிடையாது, திருப்பி எழுதியதற்குத்தான். இதனால் யாரும் முதல் பிரதியை அடுத்தவரைப் பார்த்து எழுதவில்லை. அதில் லாபம் ஒன்றும் இல்லையே.

எல்லோருக்கும் இது பலித்தது என்று சொல்ல முடியாது. வகுப்பிலேயே கத்தி வேலையில் முதல் ஆள், நோட்டைக் கண்டால் பாத்ரூம் போய்விடுவான். அவனைப் போனில் பேசச் சொல்லி, வாய்ஸ் டைப்பிங்கில் வந்ததை எடுத்துக் கொடுத்தோம். கோழியைப் பன்னிரண்டு துண்டாக வெட்டுவதை அவன் பேசியிருந்தது அற்புதமாக இருந்தது: கத்தியை எந்த மூட்டில் வைப்பது, எந்த இடத்தில் அழுத்தாமல் இழுப்பது எல்லாம் இருந்தது. ஆனால் அதை ஒழுங்குபடுத்தி எழுதியது அவன் நண்பன். வருடக் கடைசி வரை அவன் தன் கையால் எழுதியது லேபிள்கள் மட்டும்தான். மண்டப வேலைக்குப் போகிற சிலர் முகூர்த்த மாதங்களில் வகுப்புக்கே வரவில்லை, அவர்களின் இடது பக்கங்கள் கேள்விகளோடு அப்படியே நின்றுவிட்டன. சம்பளம் கிடைக்கிற நாளில் மீன் குழம்பைத் திருத்தி எழுத வா என்று கூப்பிட எனக்கும் வாய் வரவில்லை.

செலவையும் சொல்லியாக வேண்டும். இந்த முறையில் ஒரு பதார்த்தத்தை இரண்டு முறை சமைக்க வேண்டியிருக்கிறது, முதல் முறை பெரும்பாலும் வீணாகும். பாதி அளவில் செய்ததும், விலை உயர்ந்த மீனையும் ஆட்டுக்கறியையும் ஆரம்பத்தில் தவிர்த்துக் காய்கறி, முட்டை, பருப்பில் பழக்கியதும் கைகொடுத்தன. முட்டைக் குழம்பில் கற்றுக்கொள்ள முடியாதது எதுவும் வஞ்சிரத்தில் இல்லை. வகுப்பு இருபது பேர் அளவுக்கு இருந்ததால் ஒரு நோட்டு போதுமானதாக இருந்தது. அறுபது பேர் வகுப்பில் குழுவுக்கு ஒரு நோட்டு வைக்க வேண்டும், மேற்பார்வைக்கு இன்னொரு ஆள் வேண்டும்.

ரெக்கார்டு நோட்டு ஒழியவில்லை. வெளியிலிருந்து வருகிற எக்ஸாமினர் அதைத்தான் கேட்கிறார், அதில் கையெழுத்து இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார். அடுத்த பேட்ச்சுக்கு செஃப் ஒரு ஏற்பாடு சொல்லியிருக்கிறார்: பொது நோட்டிலிருந்து ஒருமுறை சமைத்துப் பார்த்த ரெசிபியை மட்டும்தான் ரெக்கார்டில் ஏற்ற வேண்டும், சமைத்தவர் பெயரும் அதன் கீழே இருக்க வேண்டும். முதல் பக்கம் பெஷமெல். பால் ஒரு லிட்டர்.